சுகமானவர்கள் வராத கடை

சாலைக் கடைத்தெருவில் அழகியநம்பியை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மலையாளிகளுக்கு அவர் நம்பிச்சேட்டன். அரிசி மண்டிகளிலும் பாத்திரக் கடைகளிலும் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு நம்பியண்ணாச்சி. பத்தொன்பது வயதில் ஏர்வாடியிலிருந்து பஸ் ஏறி, மாநில எல்லை தாண்டித் தம்பானூரில் இறங்கியவர், அன்று மாலையே மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்றுவிட்டார். இருபத்தாறு வருடமாக அங்கேதான் நிற்கிறார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மருந்தாளுநர் படிப்பு அவருக்குக் கிடையாது. அது இருப்பது விஷ்ணுப்ரியாவுக்கு. கோட்டைக்குள் இருக்கும் தெருவிலிருந்து பத்து மணிக்கு நடந்து வந்து ஐந்து மணிக்குத் திரும்பிப் போகும் பெண். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அவளுடைய சான்றிதழ்தான். ஆனால் ஜனங்கள் சீட்டை நீட்டுவது நம்பியிடம், சந்தேகம் கேட்பதும் நம்பியிடம்.

"நீங்கோ கவுன்டர்ல டாக்டர். நான் சுவர்ல தொங்கற படம்" என்பாள் விஷ்ணுப்ரியா.

"படத்துக்கு மாலை வேணுமா மாமி?" என்பார் அவர். அவளுக்கு இருபத்தாறு வயதுதான்; மாமி என்றால் கோபம் வரும் என்பதற்காகவே அப்படிக் கூப்பிடுவார்.

அவர் கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிய சீட்டுடன் வருகிறவர்களில் பாதிப் பேர், "மூணு நாளைக்கு மதி சேட்டா, அவ்வளவு போதும், மாறலேன்னா பின்ன வந்து வாங்கிக்கலாம்" என்பார்கள். மூன்று நாளைக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பார். பெரும்பாலும் யாரும் திரும்பி வருவதில்லை. வராததால் சுகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். இப்படி ஆயிரக்கணக்கான பேரை மூன்றே நாளில் சுகமாக்கி அனுப்பிய நினைப்பு அவருக்கு இருந்தது. அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

திருமணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் மீனு. அதற்குள் அவர் மனைவி நாச்சியார் ஏறாத கோயில் இல்லை, அவர் சிபாரிசில் சாப்பிடாத சத்து மாத்திரையும் இல்லை. ஆற்றுகால் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மீனு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் தொண்டையும் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் எச்சில் விழுங்க மாட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் டான்சில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாக இருக்கும். அன்று மாலைக்குள் காய்ச்சல் வந்துவிடும்.

ஆறு வயதில் அவளைக் காது மூக்கு தொண்டை டாக்டர் சுமந்திடம் காட்டினார்கள். நெடுமங்காட்டுக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். அவர் மீனுவின் வாயைப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் அவசரம் இல்லா. ஒரு வருஷம் பாக்கலாம். தொண்டை நோவு வரும்போதெல்லாம் தேதி குறிச்சு வையுங்க. ஒரு கொல்லத்தில, அதாவது ஒரு வருஷத்தில, ஏழு தடவைன்னு வந்தா, டான்சிலை எடுக்கறதப் பத்தி ஆலோசிக்கலாம்" என்றார்.

"எடுத்தா எதிர்ப்பு சக்தி போயிருமே சார்" என்றார் நம்பி.

இந்தக் கேள்வியைத் தினமும் நான்கு பேர் வந்து கேட்டுப் பழகிய முகத்துடன் டாக்டர் சிரித்தார். டான்சில் காவல் நிற்கிற இடம் என்பது வாஸ்தவம்தான், ஆனால் அது ஒன்று மட்டும் காவல் இல்லை என்றார். நாக்குக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், கழுத்தில், குடலில் எல்லாம் அதே வேலையைச் செய்கிறவை இருக்கின்றன. சின்ன வயதில் டான்சிலுக்கு வேலை அதிகம், வளர வளரக் குறையும். எடுத்த பிறகு கொஞ்ச காலம் ரத்தத்தில் சில அளவுகள் சற்று இறங்கலாம். அதனால் பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக நோயில் விழுவதாகப் பெரும்பாலான ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. "வேற மாதிரி சொல்லுகிற ஆராய்ச்சியும் ஒண்ணு ரெண்டு உண்டு. அதனாலதான் சும்மா எடுக்க மாட்டோம். கணக்கு கேக்கறது அதுக்குத்தான். அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் மருந்து பத்து நாள் முழுசா கொடுக்கணும், கேட்டோ."

நம்பி தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. டாக்டர் ஆராய்ச்சியில் பார்த்ததை அவர் கவுன்டரில் பார்த்திருந்தார். கரமனையிலிருந்து ஒரு அம்மா வருவாள், அவள் பையனுக்கு ஐந்து வயதில் டான்சில் எடுத்தது. அன்று முதல் மாதம் தவறாமல் இருமல் மருந்து. கிள்ளிப்பாலத்து ஆட்டோ டிரைவரின் மகளுக்கு எடுத்த பிறகு மூச்சிரைப்பு. மணக்காட்டில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் எடுத்து, இரண்டு பேருக்கும் எப்போதும் சளி. விரல் விட்டு எண்ணினால் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். எல்லாரும் அவர் கண் முன்னால் நின்று மருந்து வாங்கியவர்கள்.

கடைக்கு வந்து இதை விஷ்ணுப்ரியாவிடம் சொன்னபோது அவள் மருந்து டப்பாக்களில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஏன் அண்ணா, எடுத்துண்டு சொஸ்தமான குழந்தைகள் நம்ம கடைக்கு எதுக்கு வரப்போறதுகள்? மிட்டாய் வாங்கவா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு மாமி."

"விளையாட்டா? மூணு நாள் மருந்து வாங்கிண்டு போறவா திரும்பி வரலேன்னா சொஸ்தமாயிடுத்துங்கறேள். டான்சில் எடுத்தவா திரும்பி வரலேன்னா அவாளை எண்ணவே மாட்டேங்கறேள்."

அவர் சிரித்தார். அடுத்து வந்தவரின் சீட்டை வாங்கிப் படித்தார். அந்தப் பேச்சு அங்கே முடிந்துவிட்டது.

நாச்சியார் தேதி குறித்தாள். அவர்கள் சமையலறையில் கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு கோடு. இப்போது மீனுவின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் தொண்டை வலிக்கு ஒரு வட்டம். மருந்து கொடுப்பது நம்பியின் பொறுப்பு. வட்டம் விழுந்த அன்று மாலை, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே கையை விட்டு சிரப் பாட்டில் ஒன்றை எடுத்து வருவார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கும். மீனு பாட்டிலைப் பார்த்தாலே குமட்டுவாள். பிள்ளை உடம்பில் தேவைக்கு மேல் மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவார். மிச்சம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நிற்கும், பிறகு குப்பைக்குப் போகும்.

வருடம் முடிந்து டாக்டரிடம் போகவேண்டிய காலையில் அவர் காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்பது வட்டங்கள். மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டார்.

"எத்தன தடவை வந்தது?" என்று டாக்டர் சுமந்த் கேட்டார்.

"நாலு. கூடிப்போனா அஞ்சு" என்றார் நம்பி.

பக்கத்து நாற்காலியில் இருந்த நாச்சியார் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் இருந்த மீனுவின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"அப்ப நல்லது. இன்னும் கொறச்சு காலம் பாக்கலாம்" என்றார் டாக்டர். "மருந்து பத்து நாளும் கொடுக்கறீங்கதானே?"

"ஆமா சார்."

ஆட்டோவில் ஏறியதும் நாச்சியார் கேட்டாள். "எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"ஒம்பதுன்னு சொன்னா அறுத்துருவாரு. ஒம்பது வருஷம் காத்துக் கெடந்து பெத்த ஒத்தப் பிள்ள. உள்ள இருக்க காவலையும் எடுத்துட்டு அனுப்பச் சொல்லுதியா?"

"டாக்டர்ட்ட பொய்யா?"

"கடையில நிக்கது நானா நீயா? எத்தன பிள்ளையப் பாத்திருக்கேன் தெரியுமா?"

அவருக்குத் தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள். தெரு முழுக்க அவரிடம்தானே கேட்கிறது. அந்த வருடம் அவரிடம் டான்சிலைப் பற்றிக் கேட்ட பெற்றோர் எல்லாருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். எடுக்காதீங்க, எதிர்ப்பு சக்தி போயிரும், என் மகளுக்கே நான் எடுக்கல. சொந்த மகளைச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

மீனுவுக்கு எட்டு வயது நடந்தபோது, ஓணப் பரீட்சை நேரம், ஒரு வட்டம் விழுந்தது. மூன்று நாளில் சரியானது. இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் வலது முழங்கால் வலிக்கிறது என்றாள். வீங்கிச் சூடாக இருந்தது. ஓடியாடி விழுந்திருப்பாள் என்று வலி மருந்து கொடுத்தார். மறுநாளே வலி பறந்துவிட்டது. தன் மருந்து வேலை செய்ததில் அவருக்குச் சந்தோஷம்கூட. இரண்டு நாள் கழித்து இடது கணுக்கால். அதற்கும் அதே மருந்து. பிறகு மணிக்கட்டு.

"வளர்ற வயசு, எலும்பு நீளுது" என்றார்.

"ஒவ்வொரு எலும்பா மொற வச்சா நீளும்?" என்றாள் நாச்சியார்.

அந்த மாதக் கடைசியில் மீனு வீட்டுப் படிக்கட்டில் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, எனிக்கு ஸ்வாசம் கிட்டல" என்றாள். பள்ளிக்கூட மலையாளம், பயந்தால் அவளுக்கு அதுதான் முதலில் வரும்.

மருத்துவமனையில் குழந்தைகளின் இருதய டாக்டர், ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, மீனுவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். எக்கோ எடுத்தார்கள். தொண்டையில் திரும்பத் திரும்ப வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்கியிருக்கிறது என்று விளக்கினார். வாதக் காய்ச்சல் என்று பெயர். இடது பக்க வால்வு ஒன்று சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னுக்குக் கசிகிறது. பிறகு பேனாவை எடுத்தார்.

"தொண்டை வலி எத்தனை முறை வந்திருக்கும்?"

"நாலு..." என்று ஆரம்பித்த நம்பி நிறுத்தினார். "பதினாலு. ரெண்டு வருஷத்துல" என்றார்.

"ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் கொடுப்பீங்க?"

"மூணு நாள்."

"எத்தனை நாள் கொடுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"பத்து நாள்."

"நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

அவர் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

வெளியே வரும்போது கதவில் கை வைத்தபடி நம்பி கேட்டார். "டான்சிலை அன்னைக்கே எடுத்திருந்தா இது வந்திருக்காதா மேடம்?"

"அப்படி என்னால சொல்ல முடியாது. எடுத்தாலும் சிலருக்கு வரலாம். மருந்தை முழுசாக் கொடுத்திருந்தா அநேகமா வந்திருக்காது."

அப்படியானால் அவர் கத்தியோடு போட்ட சண்டைக்கு அர்த்தமே இல்லை. டான்சில் இருந்திருக்கலாம், போயிருக்கலாம், பத்து நாள் மருந்து கொடுத்திருந்தால் பிள்ளை தப்பித்திருப்பாள். காவலைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யும், கதவில் நின்ற பாதிப் பாட்டில்களும்தான் மிச்சம்.

அன்று முதல் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மீனுவுக்குப் பென்சிலின் ஊசி. இருபத்தைந்து வயது வரையாவது போடவேண்டும், அப்புறமும் பார்க்கவேண்டும். கெட்டியான மருந்து, போட்டால் இரண்டு நாள் நொண்டுவாள். மருந்துக் குப்பியை நம்பியே கடையிலிருந்து சட்டைப் பையில் எடுத்து வருவார். நாச்சியார் அந்தப் பழைய காலண்டர்களைக் கிழித்துப் போடவில்லை, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். புதுக் காலண்டரில் ஊசி நாளுக்குப் பச்சை மையில் ஒரு வட்டம் போட்டாள். ஒன்பதை நாலு ஆக்கிய அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நானும் வாயப் பொத்திக்கிட்டுத்தான இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நேற்று முப்பத்து நான்காவது ஊசி. கூடவே வருடாந்திர எக்கோ.

"கழிஞ்ச தடவை எடது. இன்னைக்கு வலது" என்று மீனு நர்ஸுக்கு உத்தரவு போட்டாள். பத்து வயது ஆகிறது, ஏழு வயதுப் பிள்ளையின் கனம்தான். "அப்பா, நீ கண்ணை மூடிக்கோ. போன தடவை நீதான் அழுத."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எக்கோ அறையிலிருந்து வந்த டாக்டர் மீனுவை நர்ஸோடு மீன் தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுப் பேசினார். கசிவு கூடியிருக்கிறது. இருதயத்தின் இடது அறை பெரிதாகத் தொடங்கியிருக்கிறது. மருந்தைக் கூட்டித் திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம், ஆனால் ஒரு வருடத்துக்குள் நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்ய வேண்டிவரும். சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றவேண்டும். மாற்றினால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மருந்து.

"மொத்தமாச் சரியாயிருமா?" என்றாள் நாச்சியார்.

"நல்லா இருக்க வைக்கப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

தொண்டைக்குள் விரல் நீளக் கத்தி போகக் கூடாது என்று நின்றவர் நம்பி. இப்போது நெஞ்சுக் கூட்டைத் திறப்பதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூன்று மணிக்குக் கடைக்குப் போனார். விஷ்ணுப்ரியா அவர் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். இரண்டு வருடமாக அவள் அவரிடம் எதையும் குத்திச் சொல்வதில்லை. அவர் மாமி என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

நான்கு மணி சுமாருக்கு ஒரு பெண் வந்தாள். பாத்திரக் கடைக்காரர் ஒருவரின் மருமகள், வள்ளியூர் பக்கத்துப் பேச்சு. சீட்டை நீட்டினாள். பிள்ளைக்கு சிரப், பத்து நாளைக்கு எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, எம் பையனுக்குத் தொண்டை ஓயவே மாட்டேங்கு. ஆறேழு தடவ ஆயிட்டு. எடுத்துரலாமான்னு பாப்போம்ங்காவ டாக்டர். எதிர்ப்பு சக்தி போயிருமாமே?"

நம்பி கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "ஆறேழுன்னா ஆறேழுன்னே டாக்டர்ட்ட சொல்லுங்க. அவங்க எடுக்கலாம்னா எடுக்கலாம், வேண்டாம்னா வேண்டாம். எதிர்ப்பு சக்தி அதுல மட்டும் இல்ல. அத நெனச்சுப் பயப்படாதீங்க."

அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றமாக இருந்தது. "என்ன அண்ணாச்சி மாத்திப் பேசுதிய? எங்க அக்காட்ட எடுக்கவே எடுக்காதன்னு நீங்கதான சொன்னிய? அதக் கேட்டுத்தான அவ எடுக்கல."

"எந்த அக்கா?"

"மூணு வருஷம் முன்ன. சின்னப் பொம்பளப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாளே, பச்சை ஸ்கூல் யூனிபார்ம்."

அவருக்கு நினைவில்லை. பச்சை யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் எத்தனையோ வந்திருக்கிறார்கள். "அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு? மூட்டு வலி, கால் வீக்கம் ஏதாவது?"

"அவிய கோயம்புத்தூருக்குப் போயிட்டாவளே. போன் பண்ணா பேசுவா. நல்லாத்தான் இருக்கும்." அவள் பர்ஸைத் திறந்தாள். "மருந்து மூணு நாளைக்கு மட்டும் போதும் அண்ணாச்சி. குடிக்க மாட்டாம் பய."

"முழுசா வாங்கிட்டுப் போங்கம்மா. ரெண்டு பாட்டில். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது."

"ஒரு பாட்டில் தாங்க. மிச்சத்தப் பொறவு பாப்போம்."

"ஒரு பாட்டிலா நான் தரல."

அதைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டார். அவள் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "வியாபாரம் பண்ண ஆரம்பிச்சிட்டிய அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எதிர்வரிசைக் கடைக்குப் போனாள். அங்கே கவுன்டரில் இருந்தவன் சீட்டைப் பார்த்தான், சிரித்தான், ஒரு பாட்டிலை எடுத்து உறையில் போட்டான்.

"அண்ணா, உள்ள வந்து செத்த உக்காருங்கோ" என்றாள் விஷ்ணுப்ரியா.

அவர் உட்காரவில்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று யோசிக்கத் தொடங்கினார். யாருடைய முகமும் தெளிவாக வரவில்லை. ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை. அதை இத்தனை நாள் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. நாச்சியார்.

"மீனு கேக்கா. அடுத்த மாசம் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டான்ஸ்ல சேத்திருக்காவளாம். போலாமான்னு. என்ன சொல்லட்டும்?"

பின்னால் மீனுவின் குரல் கேட்டது. ஒரே ஒரு பாட்டுத்தான் என்றது. பின்வரிசையில்தான் நிற்பேன் என்றது.

இருபத்தாறு வருடமாகத் தெருவில் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவர் நம்பி. "திங்கக்கிழமை டாக்டர்ட்ட கேப்போம்" என்றார்.

போனுக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.

"கேளுங்க" என்றாள் நாச்சியார். "படி ஏறயில இப்பம்லாம் நாலாவது படியிலயே உக்காருதா. அதையும் சொல்லணும். கொறச்சுச் சொல்லாதிய."